‘இயன்றவரை’ என்ற ஒரு சொல்: டிரையாங்கிள் தீயும் அதன் பிறகு எழுதப்பட்ட சட்டங்களும்

1911ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 80ஆம் பிரிவு, தொழிற்சாலைக் கதவுகளுக்கு இரண்டு விதிகளை வைத்திருந்தது. கதவுகள் இயன்றவரை வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வேலை நேரத்தில் அவற்றைப் பூட்டவோ தாழிடவோ கூடாது. இரண்டாவது விதி தெளிவானது, அதை மீறினால்தான் பூட்ட முடியும். முதல் விதியை மீற வேண்டிய தேவையே வரவில்லை. ‘இயன்றவரை’ என்ற சொல் அதற்கு இடம் கொடுத்திருந்தது.

மன்ஹாட்டனில் வாஷிங்டன் பிளேஸும் கிரீன் தெருவும் சந்திக்கும் மூலையில், டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை இயங்கிய ஆஷ் கட்டடத்தில், கடைசிப் படிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு படியின் அகலத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். கதவு வெளிப்பக்கம் திறந்தால் படிக்கட்டை மறிக்கும். எனவே அங்கே வெளிப்பக்கம் திறப்பது ‘இயலாது’ என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. கதவுகள் உள்பக்கமாகவே திறந்தன. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, தொழிற்சாலை தீப்பிடித்து அந்தக் கதவுகளின் மேல் கூட்டம் வந்து மோதியபோது, முன்னால் நின்றவர்களுக்குக் கதவை இழுத்துத் திறக்கப் பின்வாங்க இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க அமெரிக்கச் சீர்திருத்தக் காலத்தைப் பெரிய தலைவர்களின் வரலாறாகச் சொல்வது வழக்கம். கதவின் திசை, படியின் அகலம், குப்பைத் தொட்டியின் மூடி என்று இறங்கிப் பார்த்தால்தான் அந்தக் காலம் செய்த வேலையின் தன்மை புரியும். டிரையாங்கிள் தீயில் 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதக் குடும்பங்களையும் இத்தாலியக் குடும்பங்களையும் சேர்ந்த இளம்பெண்கள். பதினான்கு வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள்.

கட்டடத்திலிருந்து தொடங்குவோம். பத்துத் தளங்கள், 135 அடி உயரம். அன்றைய நகர விதிப்படி 150 அடிக்கு மேல் போனால்தான் தரைக்குக் கல்லும், ஜன்னல் சட்டங்களுக்கு உலோகமும் கட்டாயம். 135 அடி என்பதால் மரத்தரையும் மரச் சட்டங்களும் சட்டபூர்வமானவை. தளத்தின் பரப்புக்கு மூன்று படிக்கட்டுகள் வேண்டியிருந்தன, இருந்தவை இரண்டு. பின்புறத்து இரும்புத் தீத்தப்புப் படியை மூன்றாவதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது கட்டட வடிவமைப்பாளரின் வாதம். திட்டத்தைப் பரிசீலித்த அதிகாரி, அந்த இரும்புப் படி ஒரு கண்ணாடிக் கூரையின் மேல் போய் முடிகிறது, அதைவிட உறுதியான இடத்தில் இறங்க வேண்டும் என்று எழுதினார். சரிசெய்வதாக வாக்குக் கொடுத்தார்கள். 1901இல் கட்டி முடித்தபோது படி அதே கண்ணாடிக் கூரையின் மேல்தான் முடிந்தது. பத்து ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் கட்டடம் தீப்பிடிக்காத கட்டடம் என்றே பெயர் வாங்கியிருந்தது. ஒரு வகையில் அது உண்மையும்கூட. இன்றும் அது நிற்கிறது, பிரவுன் கட்டடம் என்ற பெயரில் நியூயார்க் பல்கலைக்கழகம் பயன்படுத்துகிறது. எஃகுச் சட்டகத்துக்கும் சுவருக்கும் பெரிய சேதமில்லை. எரிந்தது உள்ளே இருந்த பொருள், இறந்தது உள்ளே இருந்த மனிதர். ‘தீ தாங்கும்’ என்ற சொல் யாருக்கான பாதுகாப்பு என்ற கேள்வியை அன்றைய கட்டட விதிகள் கேட்கவே இல்லை.

மேல் மூன்று தளங்களில் டிரையாங்கிள் வெய்ஸ்ட் கம்பெனி இயங்கியது. மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் உரிமையாளர்கள். தைத்தது ஷர்ட்வெய்ஸ்ட் என்ற பெண்களுக்கான மேற்சட்டை. எட்டாம் தளத்தில் கட்டிங் மேசைகள் இருந்தன. லான் என்ற மெல்லிய பருத்தித் துணியை அடுக்கடுக்காக விரித்து, நடுவே டிஷ்யூ காகிதம் வைத்து, ஒரே வீச்சில் வெட்டுவார்கள். வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் மேசைக்கு அடியில் இருக்கும் மரப்பெட்டியில் விழும். மேசைக்கு மேலே கம்பியில் காகித அளவுப் படிவங்கள் தொங்கும். கழிவு வாங்குபவர் ஆண்டுக்கு ஆறேழு முறைதான் வருவார். ஜனவரியில் அவர் கடைசியாக அள்ளிப்போனது 2,252 பவுண்ட், அதாவது ஒரு டன்னுக்கு மேல். அதன் பிறகு இரண்டு மாதக் கழிவு பெட்டிகளில் சேர்ந்திருந்தது. பருத்தியும் காகிதமும் காற்றோட்டமாகக் கலந்து கிடக்கும் பெட்டி, தீ வைக்கவென்றே அடுக்கிய விறகுக்குச் சமம். மாலை 4:40 அளவில் அணையாத தீக்குச்சியோ சிகரெட்டோ அதில் விழுந்திருக்கலாம் என்பது தீ விசாரணை அதிகாரியின் முடிவு. வாளித் தண்ணீரை வீசிப் பார்த்தார்கள். படிக்கட்டில் இருந்த குழாயை இழுத்து வால்வைத் திருப்பினார்கள், தண்ணீர் வரவில்லை.

எட்டாம் தளத்திலிருந்து பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். பத்தாம் தளத்தில் அலுவலகம் இருந்தது. இணைப்புப் பலகையும் அங்கேதான். ஒன்பதாம் தளத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டியவரும் தீ என்றதும் ஓடிவிட்டார். ஒன்பதாம் தளத்துக்குச் செய்தி போகவே இல்லை, தீயே நேரில் வந்து சொன்னது. பத்தாம் தளத்தில் ஒருவரைத் தவிர எல்லோரும் கூரை வழியாகத் தப்பினார்கள், உரிமையாளர்கள் உட்பட. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒன்பதாம் தளத்தில் இருந்தவர்கள்.

அந்தத் தளத்தில் 240 தையல் மெஷின்கள் எட்டு நீள மேசைகளில் இருந்தன. ஒவ்வொன்றும் 75 அடி. மேசையின் ஒரு முனை சுவரோடு ஒட்டியிருந்ததால், வெளியேற ஒரே பக்கம்தான். இடைவெளிகளில் நாற்காலிகளும் பிரம்புக் கூடைகளும் கிடந்தன. வெளியேறும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் என்ன தவறியது என்பது தெரியும்.

கிரீன் தெருப் பக்கப் படிக்கட்டு 33 அங்குல அகலம். இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து இறங்க முடியாது. வேலை முடிந்து போகும்போது கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு ஒவ்வொருவராகப் போவதற்காக அதன் முன்னே ஒரு தடுப்பும் போட்டிருந்தார்கள். முதலில் ஓடியவர்கள் அந்த வழியில் தப்பினார்கள். சில நிமிடங்களில் தீ அதை அடைத்துவிட்டது. வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவு பூட்டியிருந்தது. எல்லோரும் ஒரே வழியில் போனால்தான் பைகளைச் சோதிக்க முடியும், அதற்காகத்தான் பூட்டு. ஆண்டு முழுவதும் திருட்டுப்போன துணியின் மதிப்பு எவ்வளவு என்று பிறகு நீதிமன்றத்தில் கேட்டபோது, 25 டாலரைத் தாண்டாது என்று ஹாரிஸே ஒப்புக்கொண்டார்.

பின்புறத்து இரும்புப் படி கூட்டத்தின் எடையிலும் ஜன்னல் வழியாக வந்த வெப்பத்திலும் வளைந்து, சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது. அதில் இருந்தவர்கள் கீழே கண்ணாடிக் கூரையின் மேலும் கம்பிகளின் மேலும் விழுந்தார்கள். லிஃப்டை இயக்கிய இரண்டு இளைஞர்கள் புகைக்குள் மீண்டும் மீண்டும் மேலே போய் நூறு பேருக்கு மேல் இறக்கினார்கள். அந்த நாளில் முழுமையாக வேலை செய்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அவர்களின் துணிவுதான். ஒரு கட்டத்தில் லிஃப்ட் பாதையில் ஆட்கள் குதிக்கத் தொடங்கியதும் அதுவும் நின்றது.

தெருவில் தீயணைப்பு வண்டிகள் விரைவாகவே வந்துவிட்டன. ஏணி ஆறாம் தளம் வரைதான் எட்டியது. விரித்துப் பிடித்த வலைகள், கைகோத்துச் சேர்ந்து குதித்தவர்களின் வேகத்தைத் தாங்காமல் கிழிந்தன. ஐம்பது பேருக்கு மேல் ஜன்னல்களிலிருந்து விழுந்து இறந்தார்கள். தீ கட்டுக்குள் வர ஆன நேரம் 18 நிமிடங்கள் அளவில்தான்.

தானியங்கி ஸ்பிரிங்க்ளர் அப்போதே பழைய கருவி. குழாயின் முனையை எளிதில் உருகும் உலோகம் அடைத்திருக்கும், வெப்பத்தில் அது உருகியதும் தண்ணீர் கொட்டும். நியூ இங்கிலாந்துப் பருத்தி ஆலைகளில் பல பத்தாண்டுகளாக இருந்தது, காரணம் அங்கே ஆலை முதலாளிகளே சேர்ந்து நடத்திய காப்பீட்டுச் சங்கங்கள் அதை வற்புறுத்தின. நியூயார்க்கின் தையல் கூடங்களில் காப்பீட்டுச் சந்தை வேறு மாதிரி இயங்கியது, அங்கே அந்த அழுத்தம் இல்லை. சட்டமும் கேட்கவில்லை. 1909இல் டிரையாங்கிளைச் சோதித்த ஒரு நிபுணர், பூட்டிய கதவையும் கூட்ட நெரிசலையும் கண்டு தீ ஒத்திகை நடத்தச் சொன்னார். நடக்கவில்லை.

தொழிலாளர்களும் வாய்மூடி இருக்கவில்லை. 1909 நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில், தலைவர்கள் ஆளுக்கொரு நீண்ட பேச்சு பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிச் என்ற இளம் தையல் தொழிலாளி மேடையேறி, பேசியது போதும், பொது வேலைநிறுத்தம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திய மொழியில் தீர்மானம் கொண்டுவந்தார். இருபதாயிரம் ஷர்ட்வெய்ஸ்ட் தொழிலாளர்கள் அந்தக் குளிர்காலத்தில் தெருவுக்கு வந்தார்கள். நிறைய பட்டறைகள் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் கூலியிலும் நேரத்திலும் சிறிது இறங்கிவந்தது, சங்கத்தை ஏற்கவில்லை. சங்கம் இல்லாத கூடத்தில், பூட்டிய கதவைப் பற்றி முறையிட ஒரு ஆள் கிடையாது. சோதனை அதிகாரி வரும் நாளைத் தவிர மற்ற எல்லா நாளிலும் சட்டத்தைக் காவல் காப்பவர் அந்தக் கூடத்துக்குள் வேலை செய்பவர்தான். அவருக்கு வேலை போய்விடும் பயம் இருந்தால் காவல் இல்லை. கூலிப் போராட்டத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் தனித்தனியாகப் பிரித்து எழுதும் வரலாறுகள் இதைத் தவறவிடுகின்றன.

தீக்கு முந்தைய நாள் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1911 மார்ச் 24 அன்று நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், விபத்து இழப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாமல் அவரிடம் பணம் வாங்குவது அவரது சொத்தைப் பறிப்பது என்பது தீர்ப்பின் சாரம். மறுநாள் 146 பேர் இறந்தார்கள். குடும்பங்களுக்கு இருந்த வழி தனித்தனி வழக்கு மட்டுமே. 1914இல் சில வழக்குகள் சமரசத்தில் முடிந்தபோது கிடைத்தது உயிருக்கு 75 டாலர். மாநில அரசியலமைப்பையே 1913இல் திருத்திய பிறகுதான் இழப்பீட்டுச் சட்டம் மீண்டும் வர முடிந்தது.

குற்ற வழக்கு 1911 டிசம்பரில் நடந்தது. இடிபாட்டிலிருந்து எடுத்த பூட்டு, நாக்கு வெளியே நீண்ட நிலையில், சான்றாக வைக்கப்பட்டது. நீதிபதி ஜூரி நடுவர்களுக்குச் சொன்ன விதி, வழக்கின் முடிவைத் தீர்மானித்தது: கதவு பூட்டியிருந்தது என்பது மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது உரிமையாளர்களுக்குத் தெரியும் என்பதும் ஐயமற நிரூபணமாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் விடுதலை. நீதிமன்றம் கேட்ட கேள்வி ‘யாருக்குத் தெரியும்’ என்பது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது. கதவு ஏன் அப்படி இருந்தது, இன்னும் எத்தனை கதவுகள் அப்படி இருக்கின்றன என்று கேட்க வேறு ஒரு அமைப்பு தேவைப்பட்டது.

அந்த அமைப்பு 1911 ஜூன் 30 அன்று சட்டமன்றத்தால் உருவானது. பெயர் தொழிற்சாலை விசாரணை ஆணையம். ஒன்பது உறுப்பினர்கள். தலைவர் மேலவையின் ராபர்ட் வாக்னர், துணைத்தலைவர் கீழவையின் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் என்ற நகரக் கட்சி இயந்திரத்தின் ஆட்கள், அதுவரை சீர்திருத்தக்காரர்கள் எதிரியாகப் பார்த்தவர்கள். ஏப்ரல் 5 அன்று மழையில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடந்த இரங்கல் ஊர்வலத்தைப் பார்த்த கட்சிக்கு, அந்தத் தெருக்களில் இருந்த வாக்குகளும் தெரிந்தன. தொழிற்சங்கத்திலிருந்து சாமுவேல் காம்பர்ஸ், மகளிர் தொழிற்சங்க அமைப்பிலிருந்து மேரி டிரையர். மேரி டிரையர் மட்டுமே பெண் உறுப்பினர். தீயைத் தன் கண்ணால் பார்த்த சமூகப் பணியாளர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் களஆய்வில் சேர்ந்தார்.

ஆணையத்துக்குச் சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் இருந்தது. தீயை மட்டும் பார்க்காமல், காற்றோட்டம், கழிப்பறை, ஈய நச்சு, நிலவறை ரொட்டிச் சூளைகள், வீட்டில் செய்யும் வேலை, குழந்தை உழைப்பு என்று எல்லாவற்றுக்கும் விசாரணையை விரித்தார்கள். முதல் ஆண்டில் மட்டும் 1,836 தொழிலிடங்களைப் பார்த்தார்கள், 222 சாட்சிகளைக் கேட்டார்கள். சொல்லாமல் போய் நின்றார்கள். பெர்கின்ஸ் செய்த ஒரு காரியம் எந்த அறிக்கையையும்விடப் பெரியது: அரசியல்வாதிகளை உடம்போடு அந்த இடங்களில் கொண்டுபோய் நிறுத்தினார். இரவு முழுவதும் கயிற்றாலையில் நின்று வேலைசெய்துவிட்டு விடியலில் வெளியேறும் பெண்களை ஆல் ஸ்மித் பார்த்தார். ‘தீத்தப்பு வழி’ என்று எழுதியிருந்த சுவர் ஓட்டை வழியாக வாக்னர் தவழ்ந்து வெளியே போனார். அங்கே பனி உறைந்த இரும்பு ஏணி, தரைக்குப் பல அடி மேலேயே முடிந்திருந்தது. காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் கூடங்களில், ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்ததை ஆணையத்தினர் பார்த்தார்கள். வாக்னர்தான் பின்னாளில், 1935இல், சங்கம் சேரும் உரிமைக்கான கூட்டாட்சிச் சட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். பெர்கின்ஸ் 1933இல் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சராகித் தொழிலாளர் துறையை நடத்தினார்.

இவ்வளவு சாட்சியம் ஏன் திரட்டினார்கள்? அன்றைய நீதிமன்றங்களே காரணம். 1905இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், ரொட்டிச் சூளைத் தொழிலாளர்களுக்கு வாரம் 60 மணி நேர வரம்பு வைத்த நியூயார்க் சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 5க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. 1907இல் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த சட்டத்தை மாநில நீதிமன்றம் ரத்து செய்தது. அறிக்கையில் வெறும் அறச்சீற்றம் இருந்தால் நீதிபதி அதை ஒதுக்கிவிடுவார். மருத்துவரின் வாக்குமூலம், எண்ணிக்கை, அளவு இருந்தால் ஒதுக்குவது கடினம். இது வீண்போகவில்லை. 1913இல் மீண்டும் வந்த இரவு வேலைத் தடையை 1915இல் அதே மாநில நீதிமன்றம் ஏற்றது. முன்பு தம் முன்னே இல்லாத உண்மைகள் இப்போது ஆணையத்தின் விசாரணையால் கிடைத்துள்ளன என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆணையம் செய்ததிலேயே மிகப் பெரியது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1912 முதல் 1914 வரை முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. அவற்றை ஒன்பதாம் தளத்தின் படத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு விதியும் ஒரு தவறுக்கு நேராக நிற்கும். வெட்டுக்கழிவைத் தீப்பிடிக்காத தொட்டியில்தான் போட வேண்டும், நாள்தோறும் கட்டடத்தை விட்டு அகற்ற வேண்டும். தொழிற்சாலைக்குள் புகைபிடிக்கக் கூடாது. தரைத்தளத்துக்கு மேலே 25 பேருக்கு மேல் வேலைசெய்தால் தீ ஒத்திகை கட்டாயம், 1912 சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏழு தளங்களைத் தாண்டிய, மரத்தரை உள்ள கட்டடத்தில் ஏழாம் தளத்துக்கு மேல் 200 பேருக்கு அதிகமாக இருந்தால் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். ஒவ்வொரு தொழிற்சாலையும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் ஊரில் எத்தனை தொழிற்சாலைகள் இருக்கின்றன என்பதே அரசுக்குத் தெரியாது, தெரியாத இடத்தைச் சோதிக்க முடியாது.

இவற்றில் மிக நுட்பமானது 1913இல் வந்த ஆள் வரம்பு. ஒரு தளத்தில் எத்தனை பேர் வேலை செய்யலாம் என்பதை, தரையின் பரப்பை வைத்து முடிவு செய்யாமல் படிக்கட்டின் அகலத்தை வைத்து முடிவு செய்தார்கள். ஸ்பிரிங்க்ளர் போட்டால், தீத்தடுப்புச் சுவர் வழியாக அடுத்த கட்டடத்துக்கு நேராகக் கடந்து போகும் வழி அமைத்தால் கூடுதல் ஆள் வைக்கலாம். முதலாளி ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது வழியை அகலமாக்க வேண்டும். அந்த எண்ணைத் தளத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தொழிலாளியும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா அளவையும் சட்டமன்றமே எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதையும் உணர்ந்தார்கள். தொழில்கள் மாறும், சட்டம் திருத்த ஆண்டுகள் ஆகும். அதனால் 1913இல் தொழிலாளர் துறையைத் திருத்தியமைத்து, விரிவான விதிகளை எழுதும் அதிகாரத்தை ஒரு தொழில் வாரியத்துக்குக் கொடுத்தார்கள். மாநிலத்துக்கு வெளியிலும் வேலை தொடர்ந்தது. தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1913இல் உயிர்ப்பாதுகாப்புக்கென்று ஒரு குழு அமைத்தது. அது 1927இல் வெளியிட்ட வெளியேறும் வழிகளுக்கான விதித்தொகுப்பு, இன்று பல நாடுகள் பின்பற்றும் உயிர்ப்பாதுகாப்பு விதிகளின் முன்னோடி.

விடுபட்டவையும் உண்டு. 1912இல் பெண்களுக்கு வாரம் 54 மணி நேர வரம்பு வந்தபோது, டப்பாவில் அடைக்கும் கூடங்களுக்கு விலக்கு அளித்தார்கள். அந்த விலக்கைச் சேர்த்தால் சீர்திருத்தக்காரர்களே மசோதாவைக் கைவிடுவார்கள் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டது. கிடைப்பதை எடுத்துக்கொள்வோம் என்று பெர்கின்ஸ் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். பல லட்சம் பெண்களுக்கு வரம்பு கிடைத்தது, டப்பாக்கூடப் பெண்கள் வெளியே நின்றார்கள். அவர் செய்தது சரி என்றே படுகிறது, ஆனாலும் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு பெண்கள். ஆண்களுக்கு அந்த வரம்பே இல்லை, நீதிமன்றம் விடாது. 25, 200 என்ற எண்ணிக்கை வரம்புகளுக்குக் கீழே இருந்த சிறிய பட்டறைகளும் வெளியே நின்றன. எண்ணால் எழுதிய விதிக்கு இது கூடவே வரும் குறை, எண்ணுக்கு ஒன்று குறைவாக ஆள் வைத்தால் போதும். செலவு தாங்கவில்லை என்று கட்டட உரிமையாளர்கள் எதிர்ப்பைத் திரட்டினார்கள், 1915இல் ஆணையத்தின் ஆயுள் முடிந்தது.

கதவுகளுக்கான விதிகள் வளர்ந்த அளவுக்குத் தண்டனை வளரவில்லை. 1913இல் மேக்ஸ் பிளாங்கின் புதிய தொழிற்சாலையில், வேலை நேரத்தில், பெண்கள் உள்ளே இருக்கும்போது ஒரு கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்ததைச் சோதனை அதிகாரி கண்டார். வழக்குப் பதிவானது, குற்றம் உறுதியானது. சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த அபராதத்தை நீதிமன்றம் விதித்தது: 20 டாலர்.